தவறிப்போய்ப் பாஸ் ஆனவள்

"வாழ்த்துகள்ம்மா. நீங்க பாஸ் ஆயிட்டீங்க" என்றார் மூன்றாம் கவுண்ட்டர்க்காரர்.

அவள் சிரித்தாள். வேறு யாருக்கோ சொல்ல வேண்டியதை ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தாள். கல்லூரி அலுவலகத்தின் அந்தக் கண்ணாடியில், பேசுவதற்கான ஓட்டையை யாரோ ஒரு புண்ணியவான் இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருப்பவரிடம் நல்லதோ கெட்டதோ, பாதி குனிந்துதான் சொல்ல வேண்டும். அவள் குனிந்தாள்.

"சார், நான் ரிசல்ட் கேக்க வரலை. படிப்புச் சான்று வாங்க வந்தேன். வருஷா வருஷம் குடுப்பீங்களே, பேங்க்குக்கு."

"அதைத்தான் சொல்றேன். படிக்கிறவங்களுக்குத்தான் படிப்புச் சான்று. நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களே."

"முடிக்கலை சார். ஸ்டாட்ஸ் பாக்கி இருக்கு. நான் பரீட்சையே எழுதலை."

"எழுதவே வேணாம்." அவர் இரண்டு முறை தும்மினார். கோப்புத் தூசி அவருக்கு ஆகாது. ஆனால் கோப்பு இல்லாத நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. "பாடத்திட்டம் மாறிருச்சும்மா. ஸ்டாட்ஸைக் கட்டாயப் பாடத்துலேருந்து தூக்கிட்டாங்க. அது போனா உங்களுக்கு பாக்கின்னு ஒண்ணுமே இல்லை. நாங்க யாரும் போடலை, கம்ப்யூட்டரே பாஸ் போட்டிருச்சு."

"சார், கொஞ்சம் நல்லாப் பாருங்க. தயவுசெஞ்சு. நான் பாஸ் ஆகலை சார்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த ஓட்டைக்கு முன்னால் நின்று, மதிப்பெண் போதவில்லை, கருணை காட்டுங்கள் என்று கெஞ்சாத தலைமுறையே கிடையாது. பாஸ் போட்டுவிட்டீர்களே என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். இந்தப் படிப்புக்காக அவள் வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருந்தாள். தம்பிதான் ஜாமீன் கையெழுத்து. படித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தவணை கேட்க மாட்டோம் என்பது வங்கியின் விதி. வருடத்துக்கு ஒரு முறை, இன்னார் இன்னும் எங்களிடம் படிக்கிறார் என்று கல்லூரி எழுதிக்கொடுக்கும் சான்றை வைத்து, தவணையை ஒத்திவைக்கும்படி ஒரு மனுக் கொடுத்தால் போதும், அடுத்த வருடம் வரைக்கும் வங்கி வாயைத் திறக்காது. மற்ற பாடங்கள் எல்லாவற்றையும் அவள் எப்போதோ முடித்துவிட்டாள். ஸ்டாட்ஸ் என்கிற புள்ளியியலை மட்டும் விட்டுவைத்தாள். ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு பாடத்துக்குச் சொற்பக் கட்டணம் கட்டிச் சேருவாள், கடைசி வகுப்பு வரைக்கும் ஒழுங்காக வருவாள், பரீட்சைக்கு முன்னால் பெயரை விலக்கிக்கொள்வாள். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் ஒரு ஏற்பாடு.

இப்போது கல்லூரி தானாக முன்வந்து அந்தப் பாம்பை அடித்துப் போட்டுவிட்டது. சான்று இல்லையென்றால் ஒத்திவைப்பு இல்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து சம்பளத்தில் பாதி தவணைக்குப் போய்விடும்.

"வேற வழியே இல்லையா சார்?"

கவுண்ட்டர்க்காரர் இரக்கப்பட்டாரா, வரிசை நீண்டுகொண்டே போவதைப் பார்த்துப் பயந்தாரா தெரியவில்லை. குரலைத் தாழ்த்தினார். "பழைய பாடத்திட்டத்துலயே இருந்துக்கிறேன், புதுசு வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். துறைத் தலைவர் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா நான் இந்தப் பாஸை எடுத்துட்டு சான்று தருவேன். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைம்மா. கையில விழுந்த பழத்தை யாராவது மரத்துல ஒட்ட வெப்பாங்களா?"

கடனுக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, அவள் பகலில் என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டும்.

லிஃப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, பாதி வழியில் நின்றுவிட்டால் அமுக்கச் சொல்வார்களே, அதை அமுக்கினால் பேசுகிற குரல் அவளுடையது. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அழைப்பு அவர்கள் அறைக்கு வரும். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கூண்டு. "பயப்படாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டாரு. கதவைத் தள்ளாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்." மெக்கானிக் வந்து சேருகிற வரைக்கும் பேச்சை விடக் கூடாது என்பது வேலை விதி. பயந்தவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். ஒரு பெண் மாமியார் மேல் இருந்த கோபம் முழுவதையும் கொட்டினாள். ஒருவர் தன் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று அழுதார். அவளும் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கதவு திறக்கும் சத்தம், ஒரு பெருமூச்சு, நடந்து போகும் செருப்புச் சத்தம். அவ்வளவுதான். வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் கிடையாது. அந்த நாய் பிழைத்ததா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

வேலை முடிந்தால் அறை. அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை வந்துபோகிற ஒரு ஜன்னல். எதிர் அறைக்காரரும் அவளும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்க நேர்ந்தால், இருவரில் ஒருவர் கதவை மறுபடி சாத்திக்கொண்டு மற்றவர் போகட்டும் என்று காத்திருப்பார்கள். அது ஒரு மரியாதையாகவே வளர்ந்துவிட்டது.

மாலை வகுப்புதான் வேறு. அங்கே உட்காருவதற்கு இரண்டாம் வரிசையில் ஒரு இடம் இருந்தது. வருகை எடுக்கும்போது அவள் பெயரை ஒரு மனித வாய் சத்தமாகச் சொல்லும். பிள்ளைகள் அவளுக்கு ஸ்டாட்ஸ் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். வருடா வருடம் முகங்கள் மாறினாலும் அந்தப் பட்டப்பெயர் மட்டும் ஒரு செட்டிலிருந்து அடுத்த செட்டுக்குச் சொத்துப் போலக் கைமாறி வந்துவிடும். அவள் குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்குவார்கள், நகல் எடுப்பார்கள், அக்கா அக்கா என்று சுற்றி வருவார்கள். பரீட்சை முடிந்ததும் தெருவில் பார்த்தால் தெரியாது. ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பது அவளுக்கும் தெரியாததில்லை. அதனால் என்ன, அடுத்த வருடம் ஆற்றைக் கடக்க வேறு ஆட்கள் வருவார்கள்.

கவுண்ட்டரிலிருந்து நேராக அன்றைய வகுப்புக்குப் போனாள். வருகை எடுக்கத் தொடங்கினார்கள். அவளுக்கு முன்னால் வரவேண்டிய பெயர் வந்தது. அடுத்து, அவளுக்குப் பின்னால் வரவேண்டிய பெயர் வந்தது. நடுவே இருமல் அளவுகூட இடைவெளி இல்லை. வகுப்பில் யாரும் தலை நிமிரவில்லை. அவள் பேனாவின் மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. எல்லா வருடமும் போல அன்றைய பாடத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் முன் வரிசைப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். இவளுக்குள் ஏதோ ஒன்று சந்தோஷமாக எழுந்து நின்றது.

"அக்கா, நீங்க பாஸ் ஆயிட்டீங்களாமே! ஆபீஸ்ல சொன்னாங்க. சூப்பர்க்கா!"

"ஆமா, ஏதோ... கம்ப்யூட்டர் போட்டிருச்சு."

"அப்ப உங்களுக்கு இனிமே இந்த நோட்டு தேவைப்படாதுல்ல? நானே வெச்சுக்கட்டுமா?"

கொடுத்தாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. தேவைப்படாததைத்தானே கேட்டாள். ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடக்கும்போது அவளுக்குத் தோளில் பை இல்லாததுபோல் இருந்தது. இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பை இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் துறைத் தலைவரைப் பார்க்கப் போனாள். துறைத் தலைவர் அவளைவிட இளையவர். அவள் முதல் வருடம் சேர்ந்தபோது பயந்து பயந்து பாடம் நடத்திக்கொண்டிருந்த தற்காலிக ஆசிரியை, இன்று தலைவியாகிவிட்டார். இவள் அதே இரண்டாம் வரிசையில்தான் இருந்தாள். டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையால் நாற்காலியைக் காட்டினார். பழைய பாடத்திட்டமே போதும் என்று அவள் எழுதியிருந்த மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஃபெயில் போட்டுட்டீங்களேன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். பாஸ் போட்டுட்டீங்களேன்னு வந்தது நீங்கதாங்க முதல் ஆளு."

"கடன் இருக்கு மேடம். சான்று இருந்தாத்தான் தவணையத் தள்ளி வெப்பாங்க."

"வட்டி தள்ளிப் போகாதே. அது பாட்டுக்கு ஏறிட்டேதானே இருக்கும்? இப்படி எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா? டிகிரிய வாங்கிட்டு நல்ல வேலைக்குப் போனா நாலு வருஷத்துல கட்டிரலாமே. கணக்குப் போட்டுப் பாத்தா இது உங்களுக்கு நஷ்டம். இந்தக் கணக்கை நானே உங்களுக்கு அஞ்சு வருஷமா நடத்தியிருக்கேன்."

அவள் பதிலை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாடகை, விலைவாசி, சம்பளம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"இங்க வரலைன்னா சாயங்காலம் எங்க போறதுன்னு எனக்குத் தெரியலை மேடம்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். துறைத் தலைவரின் கை டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.  கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரு பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "முதல்வர் முத்திரையும் வேணும். திங்கக்கிழமை அவர் வந்துருவாரு. கவுண்ட்டர்ல குடுத்துருங்க" என்றார். வாசல் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள்.

கவுண்ட்டரில் மனுவைக் கொடுத்ததும் நிம்மதியாக இருந்தது. ஆமாம், வெட்கம் இல்லை, நிம்மதிதான். இன்னும் ஒரு வருடத்துக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டு. முன் வரிசைப் பெண்ணிடமிருந்து நோட்டைத் திருப்பிக் கேட்பதா, புதிதாக ஒன்று எழுதிவிடுவதா என்பதுதான் அப்போது அவளுக்கிருந்த ஒரே கவலை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டிருந்தான். அவள் கவனிக்கவில்லை. காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஏழெட்டு அழைப்புகள் தவறிப்போயிருந்தன. வேறு ஊரில் இருக்கிற தம்பி. மாதத்துக்கு ஒரு முறை பேசுவான். பேசினால் நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன், வெச்சிரட்டுமா. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்பதால் வங்கி அவனுக்கும் எதையாவது அனுப்பித் தொலைத்திருக்கும் என்று நினைத்தாள். அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, பேங்க் விஷயம்தானே? கவலைப்படாதே. இந்த வருஷமும் தள்ளி..."

"அக்கா! ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னடா?"

"பாஸ் ஆயிட்டியாமே! நீ காலேஜ்ல குடுத்து வெச்ச என் நம்பருக்கு மெசேஜ் வந்திருக்கு. இன்னாருடைய குடும்பத்தாருக்கு வாழ்த்துகள்னு. பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கன்னு. நான் வேலை செய்யிற எடத்துல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். உனக்குத் தெரியுமாக்கா, வருஷா வருஷம் பேங்க்லேருந்து எனக்கும் ஒரு லெட்டர் வரும். உங்க அக்கா இன்னும் படிக்கிறாங்கன்னு. எல்லாரும் கேப்பாங்க, அப்படி என்னதான்ப்பா படிக்குது உங்க அக்கா, டாக்டருக்கா, ராக்கெட்டுக்கான்னு. படிக்கிறா படிக்கிறான்னு சொல்லிச் சொல்லி என் வாயே தேஞ்சு போச்சு."

அவன் குரல் உடைந்தது. தம்பி அழுகிறவன் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாளித்தான். பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது: "அண்ணிகிட்ட டிக்கெட் போட்டதைச் சொல்லுங்க."

"டிக்கெட் போட்டாச்சுக்கா. நாங்க நாலு பேரும் வர்றோம். இனிமே பரீட்சை இருக்கு, படிக்கணும், வராதேன்னு சொல்ல முடியாதுல்ல உன்னால? எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பரீட்சைன்னே. நீ இருக்கிற ரூமு சின்னதுன்னா சொல்லு, தரையில படுத்துக்கிறோம். எங்களுக்கு என்ன வந்துது?"

உண்மையில் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எழுதவே எழுதாத பரீட்சையைக் காட்டி, வருகிறேன் வருகிறேன் என்றவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அறை சின்னது, வருபவர்களுக்குப் போடப் பாய் கிடையாது, எப்பக்கா முடிப்பே என்ற கேள்விக்குப் பதிலும் கிடையாது. அவளும் அங்கே போகவில்லை. அடுத்த லீவில் பார்க்கலாம், அடுத்த லீவில் பார்க்கலாம் என்று அதையும் தள்ளி வைத்தாள். அதற்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா."

"ரெண்டு பேருக்குத்தான் உள்ள எடம்னு போட்டிருக்கு. நீ ஆபீஸ்ல சொல்லி நாலு வாங்கி வை. என்ன?"

பாஸ் ஆகவில்லை, அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். 

"கேக்குறேன்" என்றாள்.

தம்பி அதற்குப் பிறகும் வைக்கவில்லை. அவன் வேலையைப் பற்றி, வீட்டுக்காரரைப் பற்றி, கழுத்து வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். கடைசியில், "சரிக்கா, வெச்சிரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான். அதன் பிறகு அவள் அழுதாள். சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை கவுண்ட்டர் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டாள். திரை விலகியதும் குனிந்தாள்.

"சார், என் மனு முத்திரைக்குப் போயிருச்சா?"

"இப்பத்தான் கட்டுல வெச்சேன். முதல்வர் வந்ததும் முதல்ல உங்களுதுதான்" என்றார் அவர், பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு.

"அதைத் திருப்பிக் குடுத்துருங்க."

கவுண்ட்டர்க்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "போன வாரம் பாஸ் வேணாம்னீங்க. இப்ப வேணுங்கிறீங்களா?"

"வேணும் சார்."

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. இதை வாங்கிட்டீங்கன்னா ஒத்திவைப்பு கிடையாது. ஒண்ணாந்தேதிலேருந்து கட்டணும். அப்புறம் எங்கிட்ட வந்து நின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கட்டுறேன் சார். ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டி குடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

அவர் ஒரு தும்மலோடு கட்டைப் பிரித்து, மனுவை உருவி, ஓட்டை வழியாக நீட்டினார். அவள் அதை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"பட்டமளிப்புக்கு எனக்கு நாலு எடம் வேணும் சார். என் தம்பி குடும்பத்தோட வர்றான்."

"ஆளுக்கு ரெண்டுதான். மந்திரியே வந்தாலும் ரெண்டுதான்."

"பெரியவங்க ரெண்டு பேருதான் சார். மத்த ரெண்டும் சின்னப் பிள்ளைங்க. மடியில உக்காந்துக்குவாங்க."

"மடியில உக்கார்ற பிள்ளைன்னா பரவாயில்லை, விடச் சொல்றேன். என்ன வயசு?"

சொல்ல வாயைத் திறந்தாள். கடைசியாகப் பார்த்தபோது சின்னவன் தவழ்ந்து வந்து அவள் செருப்பை வாயில் வைத்தான். பெரியவளுக்கு முன்பல் விழுந்திருந்தது, அத்தை அத்தை என்று பொக்கை வாயோடு பின்னாலேயே சுற்றினாள். அவள் மனதில் இருவரும் அந்த இடத்தை விட்டு நகராமல் அப்படியேதான் இருந்தார்கள். இப்போது ஒவ்வொரு வருடமாகக் கூட்டிப் பார்த்தாள். கூட்டக் கூட்ட சின்னவன் எழுந்து நின்றான், பள்ளிக்கூடம் போனான், இடுப்புக்கு வளர்ந்தான். பெரியவள் அவள் தோளைத் தாண்டிவிட்டாள்.

"என்னம்மா, வயசு கேட்டேன்."

பின்னால் வரிசை சேர ஆரம்பித்திருந்தது. அவள் ஓட்டைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகக் குனிந்தாள்.

"பின்னாடி நின்னு பாக்க விடுவாங்களா சார்?" என்று கேட்டாள்.